சங்கத் தலைவர் அமைச்சரானால் என்ன மாறும்?

புது அமைச்சரவை அறிவிப்பு வரும்போதெல்லாம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரே பேச்சுதான். "நம்ம ஆள் ஒருத்தர் மனிதவள அமைச்சரா வந்தா, நமக்கு ஏதாவது செய்வாரா?" கேட்பவர்களில் பாதிப் பேர் பால்மரம் சீவியவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள்; இப்போது ஈப்போ பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். சங்கத்தில் வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தால் எதிர்பார்ப்பு இன்னும் ஏறிவிடும். நேற்றுவரை தோட்டத்துத் துரையோடு (நிர்வாகியோடு) வாதாடியவர், இன்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறாரே!

அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு சரி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. தொழிற்சங்கம், கூட்டு ஒப்பந்தம், தொழிலியல் நீதிமன்றம் என்றெல்லாம் காதில் விழுந்திருந்தாலும், எது எங்கே பொருந்துகிறது என்று தெரியாதவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சங்கத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, விடியுமுன் நிரைக்கு (தனக்குக் கொடுத்த மர வரிசைக்கு)ப் போய் மரம் சீவிவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு ஒரு அம்மா ஸ்டோருக்கு வருகிறார். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை நிறுக்கிறார். அப்புறம் மெட்ரோலேக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சிட்டையில் எழுதுகிறார். அந்த எண் அவருடைய கூலியைத் தொடுகிறது. எண் குறைவாக விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் என்ன செய்ய முடியும்? தனியாகக் கேட்டால், "ராத்திரி மழை பெய்ஞ்சதும்மா, பால் தண்ணியாத்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதையே அந்தத் தோட்டத்துச் சங்கக் கிளைத் தலைவர், நாற்பது பேருடைய சிட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், கிராணி நிர்வாகியிடம் போவார். நிர்வாகி கணக்கைத் திரும்பப் பார்ப்பார். நாற்பது பேரும் நாளைக்கு நிரைக்குப் போகாமல் நின்றால் பால் மரத்திலேயே நின்றுவிடும். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சங்கத்தின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. தலைவருடைய பேச்சுத் திறமையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பலத்தை எழுத்தில் கொண்டுவருவதுதான் கூட்டு ஒப்பந்தம். தோட்டத்துக்குத் தோட்டம் தனியாகப் பேசாமல், நாடு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாகப் பேசுவதற்காக 1954-இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. எதிர்ப்பக்கத்தில் முதலாளிமாருக்கு 'மாப்பா' என்ற அமைப்பு. சம்பளம், மழை நாள், மருத்துவ விடுப்பு, பேறுகால விடுப்பு என்று பலவற்றை இந்த இரண்டு பக்கமும் மேசையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தன. ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற கணக்கும் அப்படி வந்ததுதான்.

மலேசியச் சட்டப்படி ஒரு சங்கம் பேச உட்காருவதற்கு முன் முதலாளி அதை அங்கீகரிக்க வேண்டும். சங்கம் கோரிக்கைக் கடிதம் கொடுத்தால் 21 நாளுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் போட்டால் அது மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. தொழிலியல் நீதிமன்றத்தில் பதிவாகவும் வேண்டும். பதிவான பிறகு அது வெறும் வாக்குறுதியாக இருக்காது. மீறினால் வழக்குப் போடலாம். இதெல்லாம் 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தில் இருக்கிறது.

அமைச்சரின் வேலை வேறு. அவர் ஸ்டோரில் எடை பார்க்கப் போவதில்லை. எடை பற்றித் தகராறு வந்தால் எந்த வழியில் தீர்க்க வேண்டும் என்ற சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு தகராறு பேசித் தீரவில்லை என்றால் அதைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. இரண்டு தரப்பும் கேட்காவிட்டாலும் சில சூழ்நிலைகளில் அவராகவே அனுப்பலாம். அப்படி அனுப்பிவிட்டால் அந்த விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தொழிலாளியைக் காப்பாற்றும் அதே கையெழுத்து, தொழிலாளியின் ஒரே ஆயுதத்தையும் கீழே வைக்கச் சொல்லலாம். சங்கத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் கையெழுத்து ஒன்றுதான்.

அமைச்சரவை கூட்டுப் பொறுப்புள்ளது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும், முடிவானதும் வெளியே எல்லா அமைச்சரும் அதையே சொல்ல வேண்டும். நிதி அமைச்சர் ஏற்றுமதியைப் பார்ப்பார், வர்த்தக அமைச்சர் முதலீட்டைப் பார்ப்பார். தொழிலாளர் அமைச்சர் அந்த மேசையில் ஒரு குரல், அவ்வளவுதான். அவருக்கு முடிவு பிடிக்கவில்லை என்றால்?

சங்கத்திலிருந்து வந்து இந்தியாவில் தொழிலாளர் அமைச்சரான வி.வி.கிரியின் வாழ்க்கை இதற்கு ஒரு பதில்.

1894-இல் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். சட்டம் படிக்க டப்ளினுக்குப் போனார். அங்கே அயர்லாந்து விடுதலைப் போராட்டக்காரர்களோடு தொடர்பு ஏற்பட்டு, 1916-இல் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஊர் திரும்பி வக்கீல் தொழிலோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. ரயில்வே தொழிலாளர்களை ஒன்று சேர்க்க இறங்கினார். பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது 1928-இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அதற்கு முன்பே 1927-இல் ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டுக்குத் தொழிலாளர் தரப்புப் பிரதிநிதியாகப் போயிருந்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு இரண்டு முறை தலைவர்.

1937 தேர்தலில் அவர் நின்ற இடம் பொப்பிலி. எதிர்த்து நின்றவர் பொப்பிலி ராஜா. சும்மா ஒரு ஜமீன்தார் அல்ல, சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்தவர். ராஜாவை அவருடைய சொந்த ஊரிலேயே ரயில்வே சங்கத்துக்காரர் தோற்கடித்தார். ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர், தொழில் துறை அமைச்சரானார். 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியபோது அவரும் வெளியே வந்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை. 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் மறுபடியும் தொழிலாளர் துறை. அப்புறம் 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியத் தூதர். மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது அந்தக் காலத்தில்தான். அதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

1952-இல் நேரு அவரை மத்தியத் தொழிலாளர் அமைச்சராக்கினார். கிரிக்கு ஒரு உறுதியான கருத்து இருந்தது. முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் பேசித்தான் தகராறைத் தீர்க்க வேண்டும். அரசு நடுவர் மன்றம் வைத்துக் கட்டாயப்படுத்தித் தீர்ப்புச் சொல்வது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். நடுவர் தீர்ப்பு எளிதாகக் கிடைத்தால் சங்கம் தன் காலில் நிற்கப் பழகாது என்பது அவருடைய எண்ணம். என் பார்வையில், சங்கத்தில் பழகிய ஒருவர் அமைச்சரவைக்குக் கொண்டுவரக்கூடிய மதிப்பான சரக்கு இதுதான். துறை அதிகாரிகளுக்கு நடுவர் மன்றம்தான் வசதி. நேரில் பேசித் தீர்ப்பதன் அருமை, மேசையில் உட்கார்ந்து பேசியவருக்குத்தான் தெரியும்.

1954-இல் வங்கி ஊழியர் சம்பளம் பற்றி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு சொன்னது. அரசு அந்தத் தீர்ப்பை ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. தன் துறைக்குள் வந்த விஷயத்தில், தான் ஏற்க முடியாத முடிவை அமைச்சரவை எடுத்துவிட்டது. கிரி பதவி விலகினார். கூட்டுப் பொறுப்பு என்பதன் மறுபக்கம் இது: வெளியே எதிர்த்துப் பேச முடியாது, ஆனால் வெளியே வரலாம். அந்த விலகலுக்குப் பிறகு வங்கி விவகாரத்தை ஆராய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. அடுத்த ஆண்டே அதற்கென்று தனிச் சட்டம் வந்தது.

கிரியின் நாற்காலிக்கு அடுத்து வந்த காண்டுபாய் தேசாயும் தொழிற்சங்கத்துக்காரர்தான். சங்கத்திலிருந்து வந்தவர் போனாலும் சங்கத்திலிருந்து இன்னொருவர் வரும் அளவுக்கு அன்று இந்தியச் சங்கங்களுக்கும் ஆட்சிக்கும் நெருக்கம் இருந்தது. கிரி ஆளுநராகி, 1967-இல் துணைக் குடியரசுத் தலைவராகி, 1969-இல் குடியரசுத் தலைவரானார். டில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்.

இரண்டாவது வழி, இலங்கையில் சௌமியமூர்த்தி தொண்டமானுடையது. நம் தோட்டத்துப் பெரியவர்களில் பலருக்கு இந்தப் பெயர் கிரியைவிட நெருக்கம். இங்கே ரப்பர், அங்கே தேயிலை. கங்காணியும் லயமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1913-இல் ராமநாதபுரம் சீமையில் மூனாப்புதூரில் பிறந்து, சிறுவனாக இலங்கைக்குப் போனார். அப்பா கூலியாகப் போய், கங்காணியாகி, வேவண்டன் என்ற தோட்டத்தையே வாங்கியவர். ஆகவே தொண்டமான் தோட்ட முதலாளியின் மகன். சங்கத் தலைவர் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது சேர்ந்தார், அதன் தொழிற்சங்கத்தைத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார், 1947-இல் நாடாளுமன்றம் போனார். மறு வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. ஓட்டும் போயிற்று. ஓட்டு இல்லாத மக்களுக்குக் கட்சியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சங்கத்தால் முடிந்தது, ஏனென்றால் கொழுந்து பறிக்க ஓட்டு தேவையில்லை. பறிக்காமல் நிற்கவும் தேவையில்லை. பின்னால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அந்தச் சங்கம் அந்த முப்பது வருடம் அரசியல் கட்சியின் வேலையையும் சேர்த்துச் செய்தது இப்படித்தான். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். யாரையும் கேட்கவில்லை.

1977-இல் நுவரெலியாவில் மீண்டும் வென்று, 1978-இல் ஜே.ஆர்.ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் கிராமியத் தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். இங்கேதான் கிரியிடமிருந்து அவர் வேறுபடுகிறார். அமைச்சரானதும் சங்கத் தலைமையை விட்டுவிடவில்லை. அதோடு எழுபதுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டிருந்தன. அதாவது முதலாளி அரசு. அந்த அரசில் ஒரு அமைச்சர், தொழிலாளர் சங்கத் தலைவர். 1984-இல் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது, அமைச்சர் தொண்டமானின் சங்கமும் அதில் இறங்கியது. அந்தப் போராட்டத்தில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கிடைத்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

1986 தைப்பொங்கலன்று அடுத்தது. வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்காமல், காலை நேரத்தில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்யச் சொன்னார். அந்த வருடமே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988-இல் இன்னொரு சட்டம் மிச்சத்தைத் தீர்த்தது. நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்து 1999-இல் காலமானார்.

இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வதில் ஒரு விலை இருக்கிறது. தலைவர் ஆட்சியில் இருந்தால், சம்பளத்துக்குச் சண்டை போட வேண்டிய நாளில் சங்கம் ஆட்சியின் முகத்தைப் பார்க்கும். அவர் காலத்துக்குப் பிறகு தலைமை குடும்பத்துக்குள்ளேயே பேரன் கைக்குப் போனது. மலையகத்தில் இன்றும் இதைப் பற்றிச் சூடான விவாதம் உண்டு. ஆனாலும் ஓட்டுரிமையே இல்லாத ஒரு மக்களுக்கு அது திரும்பக் கிடைத்ததை யாரும் சிறிதாக நினைக்க முடியாது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஏன் ஒரு கிரியோ தொண்டமானோ வரவில்லை?

1941-இல் கிள்ளான் பக்கம் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிப்பது என்று கேட்டார்கள். சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தலைவர் ஆர்.எச்.நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போருக்குப் பிறகு மலாயா முழுவதும் சங்கங்கள் காட்டுத்தீயாய் வளர்ந்தன. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கிரியை அமைச்சரவைக்கு ஏற்றிவிட்ட அதே ஏணி இங்கே இப்படித்தான் உடைந்தது.

மீண்டும் கட்டப்பட்ட சங்க இயக்கம் அரசியலிலிருந்து தள்ளியே நின்றது. பி.பி.நாராயணன் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். 1962-இல் ரமோன் மக்சாய்சாய் விருது வாங்கினார், உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றின் தலைவராகவும் உயர்ந்தார். ஆனால் நாட்டில் அமைச்சராகவில்லை. வி.டேவிட் வேறு மாதிரி. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தையும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸையும் நடத்தியபடியே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து, 1987 கைதுகள் உட்பட, பலமுறை சிறை கண்டார். முதல் தொழிலாளர் அமைச்சராக 1955-இல் வந்த வி.தி.சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். அவர் சங்கத்திலிருந்து வந்தவர் அல்ல. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்தபோது, தொழிலாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தத் தோட்டங்களையே வாங்கினார். அமைச்சர் நாற்காலியில் இருந்தபடி, சட்டம் போடுவதைத் தாண்டித் தேடிய வழி அது. சுங்கை சிப்புட்டில் அவரைப் பற்றி இன்றும் மரியாதையோடு பேசுவது இதற்காகத்தான்.

கடைத்தெருக் கேள்விக்கு இப்போது திரும்பலாம். குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் காங்கிரஸ் வருடக்கணக்காக 900 வெள்ளி (ரிங்கிட்) கேட்டுப் போராடியது. 2011-இல் சட்டம் வந்தது. 2013 தொடக்கத்தில் தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800 என்று நடைமுறைக்கு வந்தது. அப்போது மனிதவள அமைச்சராக இருந்த டாக்டர் சுப்பிரமணியம் தோல் நோய் மருத்துவர்; சங்கத்துக்காரர் அல்ல. வெளியே நெருக்கடி இருந்தால் உள்ளே யார் இருந்தாலும் நகரும். 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாகியிருக்கிறது. அதற்கு மேல் கூட்டுவது இன்றும் கூட்டு ஒப்பந்தத்தின் வேலை. ஒப்பந்தம் சங்கத்தின் வேலை. உங்கள் தொழிற்சாலையில் சங்கம் இல்லை என்றால், எந்த அமைச்சராலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

அமைச்சரின் கையெழுத்து தேவைப்படாமல் ஆகிவிட்ட ஒன்றும் இருக்கிறது. முன்பு ஒருவரை அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால், அந்த வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அமைச்சர்தான் முடிவு செய்வார். எம்.குலசேகரன் மனிதவள அமைச்சராக இருந்தபோது நாடாளுமன்றத்துக்குப் போன திருத்தம் 2021 ஜனவரி 1 முதல் அதை மாற்றிவிட்டது. சமரசம் ஆகாத வழக்கு இப்போது தொழிலுறவு இலாகாத் தலைமை இயக்குநர் வழியாக நேரே நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு அமைச்சர் தன் அதிகாரத்தையே குறைத்துக்கொண்ட அபூர்வமான திருத்தம்.

ஆனால் புகார் கொடுக்கும் கெடு மட்டும் மாறவில்லை. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் ஈப்போ அலுவலகத்துக்குப் போகலாம். வேலை நீக்கக் கடிதம், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள். சங்க உறுப்பினராக இருந்தால் கிளைச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.